ஒறிஜினலா, டூப்ளிக்கேற்றா? வாகன உதிரிப்பாகம் வாங்குவோர் சிந்தனைக்கு

ஸ்காபரோவில் எம்மவர் நடத்தும் வாகனத் திருத்தகங்களுள் ஏதாவது ஒன்றில், ஒரு சனிக்கிழமை காலை அரைமணி நேரம் அமர்ந்திருந்தால் போதும். ஒரே கேள்வி மூன்று நான்கு தடவைகள் காதில் விழும். "அண்ணை, ஒறிஜினல் போடவோ, டூப்ளிக்கேற் போடவோ?" என்று திருத்துநர் கேட்பார். கேட்கப்பட்டவர் ஒரு கணம் தயங்கி, "எவ்வளவு வித்தியாசம் வரும்?" என்று திருப்பிக் கேட்பார். அவர் வினவுவது தரத்தின் வித்தியாசத்தை அன்று, விலையின் வித்தியாசத்தையே. விலை சொல்லப்பட்டதும் முடிவும் பிறந்துவிடும்.

இந்நாட்டிலே கார் என்பது எம்மிற் பெரும்பாலானோருக்கு ஆடம்பரப் பொருளன்று. அதிகாலை நான்கு மணிக்குத் தொழிற்சாலை வேலைக்குப் புறப்படுபவருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் தாய் தந்தையரை வைத்தியசாலையிலும் இறக்கிவிட்டு ஓடுபவருக்கும் அது கால்களைப் போன்றது. வாடகையும் வீட்டுக் கடனும் காப்புறுதிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும் வேளையிலே, திருத்தச் செலவைக் குறைக்க வேண்டும் என்று எண்ணுவது குற்றமன்று. ஆனால் எதிலே குறைக்கலாம், எதிலே குறைக்கலாகாது என்பதை அறியாமற் குறைப்பதே ஆபத்தானது. நானும் அவ்வாறு அறியாமற் குறைத்த ஒருவன் என்பதால், முதலில் எனது கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தேழு டொலர் மிச்சம்

2012 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எனது பழைய ரொயோட்டா கொறோலாவின் முன் சக்கரப் பிறேக் பாட்கள் தேய்ந்து போயிருந்தன. நான் வழமையாகச் செல்லும் திருத்தகத்தின் உரிமையாளர் எம்மவர், வயதில் இளையவர். ஊரிலே நான் ஆசிரியனாக இருந்தவன் என்பதை அறிந்து, 'மாஸ்டர்' என்றே என்னை அழைப்பார். அவர் மூன்று விலைகளைச் சொன்னார். டீலரிடம் எடுத்தால் 110 டொலர். பெயர் தெரிந்த கம்பனியொன்றின் தயாரிப்பு 65 டொலர். பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி 28 டொலர்.

"மாஸ்டர், நடுவில இருக்கிறதைப் போடுவம். மற்றது இஞ்சத்தை உப்புக்கு நிண்டு பிடிக்காது" என்றார் அவர்.

"பழைய கார்தானே தம்பி, மலிவானதைப் போட்டுவிடும்" என்றேன் நான். 13 வீத விற்பனை வரியையும் மிச்சம் பிடிக்கும் நோக்கிலே, பற்றுச்சீட்டு வேண்டாம் என்று கூறிக் காசாகவே கொடுத்தேன். அன்று வீடு திரும்பும்போது, சிக்கனமாக நடந்துகொண்டேன் என்ற திருப்திதான் எனக்கு இருந்தது.

2013 மார்கழியிலே ரொறன்ரோவை மூடிய உறைமழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரங்கள் முறிந்து விழுந்து, பல வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த காலம் அது. வீதிகளெங்கும் உப்புக் கொட்டினார்கள். அதற்குச் சில வாரங்களின் பின்னர், 2014 தை மாதச் சனிக்கிழமையொன்றில், பதினொரு வயதான எனது மகளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு, மோர்ணிங்சைட் வீதியிலே ஹைலன்ட் கிறீக் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னே சென்ற பஸ் வேகத்தைக் குறைத்தது. நானும் பிறேக்கை மிதித்தேன். வலது முன் சக்கரத்தின் பக்கமாக ஏதோ முறிந்தது போன்ற ஓசை எழுந்தது. அதைத் தொடர்ந்து இரும்போடு இரும்பு உரசும் பேரொலி. மிதி வழமையை விடக் கீழே இறங்கியது. கார் இடப்புறமாக, எதிரே வரும் வாகனங்களின் பக்கமாக இழுத்தது. நான் முழுப் பலத்தோடு வலப்புறம் திருப்பி, வீதியோரத்துப் பனிக்குவியலிலே காரை மோதி நிறுத்தினேன். மகள் "அப்பா" என்று ஒரேயொரு முறை அழைத்தாள். எவருக்கும் காயமில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல் இன்றும் எனது காதிலே இருக்கின்றது.

இழுவை வண்டி காரை அதே திருத்தகத்துக்குக் கொண்டு சென்றது. சக்கரத்தைக் கழற்றிய அத்தம்பி, பாட்டின் இரும்புத் தகட்டை ஒரு கையிலும், அதில் ஒட்டியிருக்க வேண்டிய உராய்வுப் பட்டையை மறு கையிலும் எடுத்துக் காட்டினார். பட்டை தேய்ந்து முடியவில்லை. பாதிக்கு மேல் எஞ்சியிருந்தது. உப்புநீர் தகட்டுக்கும் பட்டைக்கும் இடையே புகுந்து கறள் பிடித்து, அந்தக் கறள் தடித்துப் பட்டையைத் தகட்டிலிருந்து நெம்பித் தள்ளியிருந்தது. நல்ல தயாரிப்புகளிலே தகட்டுக்கு நாகப் பூச்சு இடுவார்கள். சிலவற்றிலே தகட்டில் சிறு கொளுக்கிகளை எழுப்பி, பட்டையை அவற்றோடு பிணைத்துவிடுவார்கள். எனது 28 டொலர் பாட்டிலே இருந்தது மெல்லிய கறுப்பு வர்ணம் மட்டுமே.

முன்பு தான் சொன்ன எச்சரிக்கையை அவர் எனக்கு நினைவூட்டவில்லை. ஆனால் வேறொன்றைச் செய்தார். அந்த வெள்ளைப் பெட்டிப் பாட்களை வேறு யார் யாருக்குப் பொருத்தினேன் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். என்னைப் போலவே அவர்களும் பற்றுச்சீட்டு வேண்டாம் என்றவர்கள். எழுத்திலே எதுவும் இருக்கவில்லை. நினைவுக்கு வந்த ஏழு பேரை மாத்திரம் தொலைபேசியில் அழைத்துக் காரைக் கொண்டுவரச் சொன்னார். நினைவுக்கு வராதவர்கள் எத்தனை பேர் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மிச்சம் பிடித்தது 37 டொலர். இழுவைக் கூலி, உரசிப் பாழான டிஸ்க் தட்டு, புதிய பாட்கள், வேலைக்கூலி எல்லாம் சேர்ந்து 400 டொலருக்கு மேல் ஆயிற்று. அரைப்பணம் கொடுத்து அழச்சொல்லி, ஒரு பணம் கொடுத்து ஓயச்சொன்ன கதைதான்.

ஒரு சொல்லிலே பல பொருள்

அதன் பின்னரே இவ்விடயத்தைப் படித்தறிய முற்பட்டேன். முதலில் விளங்கிக்கொண்டது யாதெனில், 'ஒறிஜினல்', 'டூப்ளிக்கேற்' என்ற எமது இரு சொற்கள் உண்மை நிலையை விளக்கப் போதுமானவையல்ல என்பதே. கடையிலே கிடைப்பவை இரண்டு வகையல்ல. குறைந்தது ஆறு வகை.

முதலாவது, கார் உற்பத்தியாளரின் பெயர் பொறித்த பெட்டியிலே வருவது. இதனையே அசல் என்கிறோம். இரண்டாவது, கார் உற்பத்தியாளருக்கு அப்பாகத்தைச் செய்து கொடுக்கும் அதே நிறுவனம் தனது சொந்தப் பெட்டியிலே விற்பது. மூன்றாவது, அந்தக் கார் உற்பத்தியாளரோடு தொடர்பில்லாத வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் மாற்றுத் தயாரிப்பு. இதிலே மிக உயர்ந்த தரமும் உண்டு, மிகத் தாழ்ந்த தரமும் உண்டு. நான்காவது, பழையதைப் பிரித்துத் தேய்ந்தவற்றை மாற்றிச் சீரமைத்தது. ஒல்ரனேற்றர், ஸ்ராட்டர் போன்றவை இவ்வாறு பெருமளவிற் கிடைக்கின்றன. பழையதைத் திருப்பிக் கொடுக்கும் வரை ஒரு வைப்புப் பணமும் அறவிடுவார்கள். ஐந்தாவது, உடைந்த வாகனங்களிலிருந்து கழற்றிய பாவித்த பாகம். ஆறாவது, வேறொருவரின் பெயரையும் பெட்டியையும் களவாகப் பதித்து விற்கும் போலி.

இவற்றுள் முதலாவதைத் தவிர்ந்த அனைத்தையும் நாம் 'டூப்ளிக்கேற்' என்ற ஒரே சாக்கிலே போட்டுக் கட்டிவிடுகிறோம். சட்டபூர்வமான நல்ல தயாரிப்பும், சட்டவிரோதமான போலியும் ஒரே சொல்லாற் குறிக்கப்படும்போது, நல்லதைத் தெரிவு செய்யும் ஆற்றலை நாமே இழந்துவிடுகிறோம்.

இரண்டாவது வகையைப் பலர் அறிவதில்லை. கார்க் கம்பனிகள் தமது காரின் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1949 இல் ரொயோட்டாவிலிருந்து பிரிந்து உருவானது. மின்னியல் பாகங்களையும் குளிரூட்டிப் பாகங்களையும் பல கார்க் கம்பனிகளுக்கு அது வழங்குகின்றது. தண்ணீர்ப் பம்புகளையும் கியர்ப் பெட்டிகளையும் செய்யும் ஐசின், ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பெயர்பெற்ற என்.ஜி.கே., பிறேக்குகளுக்குப் பெயர்பெற்ற அகெபோனோ, ஜேர்மனியில் 1886 இல் தொடங்கப்பட்ட பொஷ் ஆகியனவும் அத்தகையவையே. டீலரின் பெட்டிக்குள் இருக்கும் பாகத்தைச் செய்தவர் இவர்களுள் ஒருவராக இருக்கலாம். அதே நிறுவனத்தின் பெயரோடு உதிரிப்பாகக் கடையிலே கிடைப்பது பெரும்பாலும் விலை குறைந்தது. ஆயினும் ஒரு நிறுவனம் பல தரங்களிலும் பொருள் செய்யும் என்பதால், பெயரை மட்டும் பார்க்காது பாக இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

அசல் என்றால் அப்பழுக்கற்றதா?

இதற்கு மறுபுறமும் உண்டு. 'டீலரிடம் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம்' என்று எண்ணுவோரும் எம்மிடையே உளர். அவர்கள் தக்காட்டா நிறுவனத்தின் கதையை நினைவிற் கொள்ள வேண்டும். அந்நிறுவனத்தின் எயார் பாக்குகள் புதிய கார்களிலே, பல முன்னணிக் கார்க் கம்பனிகளால் அசலாகவே பொருத்தப்பட்டவை. பையை ஊதச் செய்வதற்கு அமோனியம் நைத்திரேற்று என்ற இரசாயனம் பயன்படுத்தப்பட்டது. வெப்பமும் ஈரப்பதனும் காலப்போக்கில் அதனைக் கெடுத்தன. அவ்வாறு கெட்டவை விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளைப் பயணிகள் மீது வீசின. உயிர்கள் பறிபோயின. 2008 இல் தொடங்கிய மீளழைப்பு படிப்படியாக விரிந்து, அமெரிக்காவில் மாத்திரம் ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம் எயார் பாக்குகளை உள்ளடக்கியது. அந்நிறுவனம் 2017 ஆனி மாதத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

அசலான பாகமும் பிழைக்கலாம் என்பதே இதன் பாடம். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. அந்தப் பாகங்களைச் செய்தவர் யார், எந்தக் காரிலே பொருத்தப்பட்டது என்பன எழுத்திலே இருந்தன. அதனால்தான் உரிமையாளர்களைத் தேடிக் கடிதம் அனுப்பவும், இலவசமாக மாற்றிக் கொடுக்கவும் முடிந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் தமது காரின் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள இலக்கத்தை டீலரிடம் கொடுத்து, மீளழைப்பு ஏதும் நிலுவையில் உண்டா என்று கேட்டறியலாம். மீளழைப்புத் திருத்தத்துக்குக் கட்டணம் இல்லை.

போலிகள் இதற்கு நேரெதிரானவை. 2012 ஐப்பசியில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், போலி எயார் பாக்குகள் குறித்து மக்களை எச்சரித்தது. பரிசோதனையின்போது சில விரியவேயில்லை. ஒன்று உலோகத் துண்டுகளைக் கக்கியது. வெளித்தோற்றத்திலே அசலுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு காண்பது அரிது. டீலரின் விலையிலே ஐந்தில் ஒரு பங்குக்கு எயார் பாக் தருகிறேன் என்று எவராவது கூறினால், அங்கே கேள்வி எழுப்ப வேண்டியது எமது கடமை.

எதற்கு எது?

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? எல்லாவற்றுக்கும் அசலையே வாங்குவது பணத்தை வீணாக்குவது. எல்லாவற்றுக்கும் மலிவையே வாங்குவது உயிரோடு விளையாடுவது. ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது வினா: இந்தப் பாகம் பழுதானால் என்ன நிகழும்? வைப்பர் பழுதானால் புதியதைப் போடலாம். பல்ப், காற்று வடிகட்டி, வெளிக்கண்ணாடி போன்றவற்றுக்கும் பெயர் தெரிந்த மாற்றுத் தயாரிப்பு தாராளமாகப் போதும். இவற்றுக்கு டீலரின் விலை கொடுப்பது பெரும்பாலும் அவசியமற்றது. ஆனால் எயார் பாக், ஆசனப்பட்டி ஆகியவற்றுக்கு அசலைத் தவிர வேறெதையும், பாவித்ததையும்கூட, எண்ணவே கூடாது. பிறேக், ஸ்ரியரிங், சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகள் ஆகியவை இடைப்பட்டவை. இவற்றுக்கு நல்ல மாற்றுத் தயாரிப்புகள் உண்டு. ஆனால் பெயரற்ற பெட்டிக்கு இடமில்லை.

பிறேக் பாட் பற்றி மேலும் ஒரு சொல். ஐரோப்பிய நாடுகளிலே விற்கப்படும் மாற்றுப் பாட்கள், ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 90 ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி பரிசோதிக்கப்பட்டு, வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து முத்திரையைப் பெற வேண்டும். அசலின் செயற்றிறனிலிருந்து 15 வீதத்துக்கு மேல் அவை விலகலாகாது. வட அமெரிக்காவில் அத்தகைய கட்டாய முன்னனுமதி இல்லை. இங்கே பாட்டின் விளிம்பிலே பொறித்த குறியீட்டின் இறுதியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை உராய்வின் அளவைக் காட்டுவன. முதலெழுத்து சாதாரண வெப்பநிலைக்குரியது, இரண்டாவது சூடேறிய நிலைக்குரியது. 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. இவ்வெழுத்துகள் பாட்டின் ஆயுளையோ, தகட்டோடு அது ஒட்டியிருக்கும் உறுதியையோ கூறமாட்டா. அந்த உறுதிக்குச் செய்தவரின் பெயர் ஒன்றே சாட்சி. உப்புக் கொட்டும் ஊரிலே வாழும் எமக்கு அது மிக முக்கியமானது.

இரண்டாவது வினா: இதனைப் பொருத்தும் கூலி எவ்வளவு? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். ரைமிங் பெல்ற் இதற்குத் தக்க உதாரணம். பெல்ற்றின் விலை சிறியது. எஞ்சினின் முன்பக்கத்தைப் பிரித்துப் பூட்டும் கூலியோ பெரியது. அது அறுந்தால், பல எஞ்சின்களிலே பிஸ்ரனும் வால்வும் ஒன்றோடொன்று மோதி எஞ்சினே பாழாகும். இத்தகைய இடத்திலே பாகத்தில் முப்பது நாற்பது டொலரை மிச்சம் பிடிப்பது அறிவீனம். தண்ணீர்ப் பம்பையும் அவ்வேளையிலேயே நல்ல தரத்தில் மாற்றிவிடுவது இரட்டைக் கூலியைத் தவிர்க்கும்.

மூன்றாவது வினா: இந்தக் காரை இன்னும் எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறேன்? கறள் தின்னத் தொடங்கிய, இன்னும் இரண்டு குளிர்காலமே தாங்கக்கூடிய காருக்கு, பத்து வருடம் உழைக்கும் அசல் ஒல்ரனேற்றர் எதற்கு? சீரமைத்தது ஒன்று போதும். கதவும் பொனற்றும் தேவையென்றால், ஜங்க் யாட்டிலே அதே நிறத்திற் கிடைத்தாற்கூட நல்லதே. மாறாக, நீண்டகாலம் வைத்திருக்க எண்ணும் காரிலே ஒட்சிசன் சென்சர் போன்ற நுண்ணிய மின்னியல் பாகங்களுக்கு, அவற்றை முதலிற் செய்த நிறுவனத்தின் தயாரிப்பையே நாடுவது நன்று. புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரும் அத்தகையதே. அதன் விலைக்குக் காரணம் உள்ளே இருக்கும் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள். மலிவானவற்றிலே இவை குறைவாகவே இருப்பதுண்டு. அதனாலேயே சில மாதங்களில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மீண்டும் எரியத் தொடங்குகின்றது.

புதிய கார் வைத்திருப்போர், 'வெளியே வேலை செய்தால் கம்பனி உத்தரவாதம் போய்விடும்' என்று அஞ்சுகிறார்கள். அமெரிக்காவிலே 1975 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தமது பாகத்தையே பாவிக்க வேண்டுமென்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடைசெய்கின்றது. கனடாவிலுள்ளோர் தமது உத்தரவாதக் கைந்நூலைப் படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் எழுதப்பட்டிருப்பது, வெளிப் பாகத்தினால் விளைந்த சேதத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்பதே. அது முழு உத்தரவாதமும் அற்றுப்போவதிலிருந்து வேறானது. எனினும் ஒயில் மாற்றியதற்கும் மற்றைய பராமரிப்புகளுக்கும் உரிய பற்றுச்சீட்டுகள் கையில் இல்லாதவர் தமது பக்க நியாயத்தை நிறுவ முடியாது.

விபத்தின் பின்னர்

விபத்திலே சிக்கிய காரைத் திருத்தும்போது, பாகத்தைத் தெரிவு செய்பவர் பெரும்பாலும் நாமல்லர், காப்புறுதி நிறுவனமே. பம்பர், மட்காட், பொனற் போன்றவற்றுக்கு மாற்றுத் தயாரிப்புகளைப் பாவிப்பது பற்றி நெடுங்காலமாக வாதம் நிகழ்கின்றது. 1999 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, தரங்குறைந்த மாற்றுப் பாகங்களை வாடிக்கையாளருக்குப் பாவித்ததாக ஸ்ரேற் பாம் காப்புறுதி நிறுவனத்துக்கு எதிராக ஏறத்தாழ 118 கோடி டொலர் தீர்ப்பளிக்கப்பட்டது. 2005 இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை முற்றாக இரத்துச் செய்தது. நீதிமன்றங்களே இவ்வாறு ஒன்றுக்கொன்று மாறாகத் தீர்ப்பளித்த விடயத்திலே, நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. திருத்த வேலை தொடங்கு முன்னரே, எந்த வகைப் பாகம் போடப்படும் என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடமும் திருத்தகத்திடமும் எழுத்திலே கேட்டுப் பெறலாம். மாற்று உடற்பாகங்களைப் பரிசோதித்துச் சான்றளிப்பதற்கென 1987 இல் அமெரிக்காவில் 'காப்பா' என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. அதன் முத்திரை பெற்ற பாகமா என்று கேட்பதும் பயன்தரும்.

சட்டம் எமக்குத் தந்திருப்பது

ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாகனத் திருத்தம் குறித்து எமக்குத் தந்துள்ள உரிமைகள் பல. அவற்றை எம்மிற் பெரும்பாலோர் கேட்டுப் பெறுவதில்லை.

திருத்துநர் வேலையைத் தொடங்கு முன்னர் எழுத்திலே மதிப்பீடு தர வேண்டும். மதிப்பீடு வேண்டாம் என்றால், ஆகக் கூடிய தொகை எவ்வளவு என்பதை நாம் குறிப்பிட்டு அனுமதிக்க வேண்டும். இறுதிக் கணக்கு மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு மேல் அதிகரிக்கலாகாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர அவர் முன்வர வேண்டும்; நாம் முன்கூட்டியே வேண்டாம் என்று கூறியிருந்தாலும், உத்தரவாதத்தின் கீழ் மாற்றியவை, சீரமைத்ததற்குப் பதிலாகக் கொடுத்தவை என்றாலும் மட்டுமே விதிவிலக்கு. புதிய பாகங்களுக்கும் சீரமைத்த பாகங்களுக்கும், அவற்றைப் பொருத்திய கூலிக்கும் 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பொருத்தப்பட்ட பாகம் கார் உற்பத்தியாளரின் புதிய பாகமா, வேறு நிறுவனத்தின் புதிய பாகமா, பாவித்ததா, சீரமைத்ததா என்பது பற்றுச்சீட்டிலே குறிக்கப்பட வேண்டும்.

நாம் வாய்மொழியாகக் குழப்பிக்கொள்ளும் வகைகளைச் சட்டம் எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றது, பாருங்கள். பற்றுச்சீட்டு வேண்டாம் என்று நாம் கூறும் கணத்திலேயே இத்தனையையும் கைவிடுகிறோம்.

'எங்கட ஆள்தானே, அவரிட்டை எப்படிப் பேப்பர் கேட்பது?' என்று சிலர் கூசுகின்றனர். பற்றுச்சீட்டுக் கேட்பது நம்பிக்கையின்மையின் அடையாளம் அன்று. அது திருத்துநரையும் காப்பாற்றுகின்றது. எனது விடயத்திலே 90 நாட்கள் எப்போதோ கடந்திருந்தன. பற்றுச்சீட்டு இருந்திருந்தாலும் எனக்குப் பணம் கிடைத்திராது. ஆனால் அது இருந்திருந்தால், அந்தத் தம்பி தனது நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளைப் பெட்டி யார் யாரின் காருக்குள் சென்றது என்பதைக் கோப்பைத் திறந்து பார்த்திருப்பார். எமது வரிச் சிக்கனம் அவருடைய கைகளைக் கட்டிவிட்டது.

கடைசல் பட்டறை நினைவுகள்

இதை எழுதும்போது ஊர் நினைவு வருவது இயல்பே. 1990களின் முற்பகுதியிலே, பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்களை வாசகர்கள் பலர் அறிவர். 1950களிலே செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயிலே ஓடிய காலம். அசல் உதிரிப்பாகம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. தேய்ந்த பாகத்தைக் கையிலே கொண்டு சென்றால், கடைசல் பட்டறைக்காரர் அளவெடுத்து இரும்பிலோ பித்தளையிலோ கடைந்து தருவார். அந்தப் பாகங்களோடு கார்கள் கர்ப்பிணிகளை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றன. நாமும் நம்பி ஏறினோம்.

அப்படியானால், அங்கே 'டூப்ளிக்கேற்' நம்பத்தகுந்ததாகவும் இங்கே நம்பத்தகாததாகவும் இருப்பது ஏன்? நெடுநாள் சிந்தித்து நான் கண்ட விடை இதுதான். அங்கே பாகத்தைச் செய்தவரின் முகம் எமக்குத் தெரியும். அவர் அதே ஊரிலே வாழ்ந்தார். தான் கடைந்த பாகம் பூட்டிய காரிலே அவருடைய பிள்ளைகளும் ஏறினார்கள். பிழைத்தால் அடுத்த நாள் காலை அவருடைய பட்டறை வாசலிலே போய் நிற்கலாம். இங்கே பெட்டி எங்கிருந்தோ வருகின்றது. அதைச் செய்தவரின் முகம் தெரியாது. பெயரும் சில வேளை தெரியாது. அந்த முகத்தின் இடத்திலே இந்நாட்டவர் வைத்திருப்பது உற்பத்தியாளரின் பெயரையும், பாக இலக்கத்தையும், பற்றுச்சீட்டையுமே. அந்த மூன்றையும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஊரிலிருந்த நம்பிக்கையை மட்டும் இங்கே எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, 'ஒறிஜினலா, டூப்ளிக்கேற்றா?' என்ற கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்போம். 'இதைச் செய்தவர் யார்? பிழைத்தால் பதில் சொல்பவர் யார்?' என்று கேட்போம். இதற்குப் பதில் கிடைக்கும் மாற்றுத் தயாரிப்பைத் தயங்காது வாங்கலாம். பதில் கிடைக்காத பெட்டியை, அது எவ்வளவு மலிவாயினும், காருக்குள் அனுமதிக்கலாகாது.

நான் இன்றும் அதே திருத்தகத்துக்குத்தான் செல்கிறேன். இப்போது அங்கே சுவரிலே ஒரு அறிவித்தல் தொங்குகின்றது: "பற்றுச்சீட்டு இல்லாமல் வேலை இல்லை." அன்று பதினொரு வயதாக இருந்த எனது மகள் படிப்பை முடித்து வேலைக்குச் செல்கிறாள். சென்ற வருடம் சொந்தக் காசிலே பாவித்த கார் ஒன்றை வாங்கி, முதன்முதலாகப் பிறேக் மாற்றுவதற்குத் தனியே அத்திருத்தகத்துக்குச் சென்றாள். திரும்பி வந்து பற்றுச்சீட்டை மேசையிலே வைத்தாள். எடுத்துப் பார்த்தேன். வேறு நிறுவனத்தின் புதிய பாகம் என்று குறித்து, நிறுவனத்தின் பெயரும் பாக இலக்கமும் எழுதப்பட்டிருந்தன. நடுவிலையே தான்.

"அப்பா, பழைய பாட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தனான். பார்க்கிறீங்களோ?" என்றாள்.

பார்த்தேன். பட்டை மெல்லியதாகத் தேய்ந்திருந்தது. ஆயினும் தகட்டை விட்டு இம்மியும் விலகவில்லை.